மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

தொண்ணூற்று நாலாம் வருடம் மாசி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் பம்பாய்க்குப் புறப்படுவதாக இருந்தது. அங்கே கட்டிக் கொடுத்திருந்த எங்கள் ஒரே மகளுக்கு அது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பை முடித்து அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டி வர வேண்டும், பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். எதையும் தேதி போட்டுச் செய்து பழகியவள். போக டிக்கெட், வர டிக்கெட், இங்கே ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தது, பிரசவ மருந்து இடிக்க உடன்குடி கருப்பட்டி வாங்கி வைத்தது எல்லாம் முடிந்திருந்தது.

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை ஜாக்கெட் போடும்போது முதுகில் என்னவோ உறுத்தியது. அவரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் என்னைப் பார்த்து அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் அம்மை போட்டு வராமல் இருந்தார்கள். அதுகள் தந்த பரிசு.

அம்மை வந்த வீட்டுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு கிடையாது, தலை சீவக்கூடாது. யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், நாமும் ஒரு வீட்டுப் படி ஏறக்கூடாது. ஊர்ப்பயணம் என்ற பேச்சே கிடையாது. டாக்டர் சொன்னது அதைவிடக் கறார். மகளுக்கு இதுவரை அம்மை போட்டதில்லை என்று சொன்னதும், கடைசிப் பொருக்கு உதிரும் வரை மாசமாக இருக்கிற பெண் பக்கத்தில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆத்தாளும் டாக்டரும் ஒரே கட்சியில் நின்றால் நான் யாரிடம் போய் வழக்காடுவது? வீட்டுக்காரர் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தார்.

மகளுக்கு என்ன சொல்வது? அம்மை என்று சொன்னால் பயந்துவிடுவாள், மாசமாக இருக்கிற பிள்ளை பயப்படக்கூடாது. இது நாங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி எடுத்த முடிவு, அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் தனியாகப் போனார்.

"என்ன சொன்னீங்க?" என்று திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குப் பரீட்ச வேல தலைக்கு மேல கெடக்கு, லீவு தரமாட்டேங்காங்கன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரிப்பான்னு வச்சிட்டா."

என் மகள் ஒற்றை வார்த்தையில் போனை வைக்கிற ஆள் கிடையாது. அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. ஆனாலும் ஒன்பது நாள் கணக்குதானே என்று இருந்தேன். ஐந்தாம் நாள் முதல் தண்ணீர், ஏழாம் நாள் இரண்டாவது, ஒன்பதாம் நாள் மூன்றாவது. வெயிலில் அண்டாவை வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டு அக்கா தலையில் ஊற்றினாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். பொருக்கு உதிர ஒரு வாரம் விட்டாலும் ஏழாம் மாதத்தில் பத்து நாள் மிச்சம் இருந்தது. வளைகாப்பை அங்கே அவர்களே முடித்திருந்தார்கள். போய்க் கூட்டி வந்துவிடலாம்.

நாலாம் நாள் காலையில் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்து, "இங்கன பாரு, இது கொசுக்கடிதான?" என்று முதுகைக் காட்டினார். கொசுக்கடி இல்லை.

கோபம் தலைக்கேறியது. "இன்னும் பத்து நாள் பொறுத்து வந்தா என்ன?" என்று கத்தினேன். அவரைச் சொன்னேனா அம்மனைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. பிறகு பயந்துபோய் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசலில் வாடிக் கிடந்த வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகினேன்.

அவருக்கு மூன்று தண்ணீர் ஊற்றிப் பொருக்கு உதிர்வதற்குள் மகளுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. எட்டாம் மாதத்தில் பெண்ணை அழைத்து வரக்கூடாது. ஒன்பதில் வரலாம், ஆனால் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார வைக்கவே கூடாது என்று பம்பாய் டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆக, பிரசவம் அங்கேதான். நானாவது முன்கூட்டிப் போய் இருக்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"தலப்பிரசவத்துக்குப் பொண்ணக் கூட்டிட்டு வர வக்கில்லாம, சம்பந்தி வீட்ல போயி உக்காந்து சாப்பிடவா?"

"ஒங்க கௌரவத்துக்காக நான் போகாம இருக்க முடியாது" என்றேன். ஆனால் அதற்குள் என் லீவெல்லாம் அம்மையிலேயே தீர்ந்திருந்தது. பொதுப்பரீட்சையும் தொடங்கிவிட்டது. நாங்கள் சொன்ன பொய் கடைசியில் உண்மையாகவே ஆகிப்போனது. பங்குனி முழுவதும் பரீட்சை ஹாலில் பிள்ளைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, இந்நேரம் அவள் என்ன சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை பிறந்து நாலாம் நாள், கருப்பட்டியையும் மருந்துச் சாமானையும் கட்டிக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன். அவர் ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "பைய போ" என்றார்.

மகள் கதவைத் திறந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. கட்டிப்பிடிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நெற்றியிலும் தாடையிலும் தழும்பு இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"என்னம்மா இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அழுதாள்.

"என்கிட்ட ஏம்மா மறச்சீங்க? நான் ரெண்டு மாசமா ஒன்ன மனசுக்குள்ள வஞ்சிக்கிட்டே இருந்தேன். ஒனக்கு நான் பெருசா, பரீட்ச பெருசான்னு வஞ்சேன்."

"வஞ்சா வஞ்சிட்டுப் போ. அதான் இப்ப வந்துட்டேன்லா" என்றேன். அத்தோடு அந்தக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா முக்கூடல்காரி. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. என்னை ஒரு வேலை செய்யவிடவில்லை. "மதினி, நீங்க சீக்குல கெடந்த ஒடம்பு, உக்காருங்க" என்பார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பிடிக்குமே என்று காலையில் டிகாக்‌ஷன் இறக்கிக் காபி கொண்டு போனால், "அந்த வாட சேரலம்மா" என்று முகத்தைத் திருப்பினாள். மாமியார் மோர் கொண்டு வந்து கொடுத்தார், குடித்தாள். கால் வீக்கத்துக்கு எந்த எண்ணெய், எந்தப் பக்கம் தலையணை வைத்தால் தூக்கம் வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பெற்ற நான் அந்த வீட்டில் விருந்தாளி. அந்த அம்மாவின் மேல் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் காலையில் வலி கண்டது. மருத்துவமனையில் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். துணைக்கு ஒரு பெண் உள்ளே வரலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் காத்திருந்தேன்.

ஒரு மலையாள நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"அத்தை யாரு? பொண்ணு அத்தையக் கேக்குது."

சம்பந்தியம்மா எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "மதினி, நீங்க போங்க. அவ வலியில ஏதோ சொல்லுதா. பெத்த தாயிதான் கூட நிக்கணும்."

போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே கிடக்கிறவள் கதவு திறந்ததும் யார் முகத்தைத் தேடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒங்களத்தான கேக்கா. போங்க" என்றேன்.

சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாவைப் பார்த்துப் பொறாமை, வேறொன்றும் இல்லை. அப்படி ஒரு ஆள் என் மகளுக்கு வாய்த்ததில் நிம்மதியும் இருந்தது, ஆனால் அழ வைத்தது பொறாமைதான். முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று சொன்னபோதும் என் அழுகை நிற்கவில்லை. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷத்துல அழுறீங்க, அழுங்க அத்தை" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.