கலஹாவில் உப்புப் பார்க்க ஒருத்தி

மலேரியாக் காய்ச்சல் நாடெங்கும் ஆட்களை வாரிக்கொண்டு போன வருஷத்துக்கு அடுத்த கார்த்திகை. நல்ல மழை. கண்டியில் ஆசிரியர்கள் சிலர் கூடி, மூன்று தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சோறு போடுவதென்று முடிவு செய்தோம். அரிசி கிடைத்தது. பருப்பு கிடைத்தது. ஒரு கடைக்காரர் பெரிய சமையல் கிடாரம் இரவல் தந்தார். ஆக்குவதற்குத்தான் ஆள் இல்லை.

"ஆளை நான் தேடுறன்" என்று கூட்டத்தில் சொன்னேன். வாய் முந்திவிட்டது. சொன்னதை மாற்றும் உத்தேசம் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, கண்டியில் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். ஐந்து பேருக்கு மேல் சமைத்ததில்லை. இதே வேலையாக மலைக்குப் போகப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஆளைத் தேடினால் போதாது, பழக்கவும் வேண்டும். அதற்குக் காசிம் நானாவைப் பிடித்தேன். கண்டியில் கலியாண வீடுகளுக்கு ஆக்குகிறவர். ஐந்நூறு பேருக்கு ஆக்கினாலும் அடிப்பிடிக்காது.

"கலியாணச் சோறு ஆக்குற எனக்குப் பள்ளிக்கூடச் சோறா, தங்கச்சி?"

"நோன்பு வரப்போகுது நானா. நோன்பில கலியாணமும் இல்லை. சும்மாதானே இருப்பியள்?"

"சும்மா ஈக்கிறதும் ஒரு சொகந்தான்" என்றார். ஆனாலும் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

முதலில் பன்வில. காலை ஆறரைக்குக் கண்டிச் சந்தையடியில் பஸ் ஏறினோம். வத்தேகமை தாண்டியதும் குளிர். இறங்கியபின் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இரண்டு மைல் நடை. பெண்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள், ஒருத்தியும் வர ஒப்பவில்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவள் அடுப்படிக்குப் போனால் கங்காணி மறுபடி மலைக்குச் சேர்ப்பாரா? அதைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் நான் கேட்டுவிட்டுப் போயிருக்கவில்லை. அடுத்த நாள் ஹேவாஹெட்ட. அங்கே ஒரு பெண் சம்மதித்தாள். பஸ் புறப்படும் நேரத்தில் அவள் புருஷன் ஓடிவந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள். இரண்டு மலை. வெறுங்கை. ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கியது. நான் தோட்டத்துக்குப் போவது அவர்களுக்காகவா, கூட்டத்தில் கையுயர்த்திய எனக்காகவா? மூன்றாம் நாளும் பஸ் ஏறினேன்.

கலஹாவுக்குப் பேராதனை வழியாகப் போகவேண்டும். கண்டியிலிருந்து பதினைந்து மைல் என்றார்கள். கட்டணம் முப்பது சதம். பேராதனையில் பஸ் மாறவேண்டும். அரை மணி காத்திருப்பு. வயிறு கலங்குகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வளைவுகள் பொல்லாதவை.

பள்ளிக்கூடம், கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகையில், மடுவத்தில், நடந்தது. நாங்கள் யாரையும் தேடவில்லை. மடுவத்து வாசலில் ஒருத்தி குந்தியிருந்தாள். பாக்கியம். முப்பது வயது இருக்கலாம். வலது கால் கணுக்காலில் கோணியிருந்தது.

"சோறாக்க ஆள் வேணும்னாங்க. நான் வந்திருக்கேன், டீச்சரம்மா."

போன மழைக்கு அவள் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடியது, கோணலாக. மலை ஏற முடியாது. தோட்டத்தில் வேலை இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. மாதம் முடியும்வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அடுப்பு கிடைத்தால் காம்பராவும் அவளுக்கு நிற்கும். அதை அந்தத் தோட்டத்துத் துரையே சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளைகள் சாப்பிடவேண்டும். சாப்பிடாவிட்டால் மடுவத்தின் பின்பக்கத்தில் அடுப்பை எடுத்துவிட்டு உர மூட்டை அடுக்குவதாகவும் சொன்னார். எங்கள் கூட்டம் வைத்த நிபந்தனை ஒன்றும் இருந்தது. ஆள் சரி என்று காசிம் நானா சொல்லவேண்டும்.

பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கினேன். திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது, முதல் இரண்டு நாளும் பத்துப் பேருக்கு மட்டும் ஆக்கி.

பாக்கியம் வேகமாகப் பிடித்துக்கொண்டாள். எண்பது பேருக்கு அரிசி எவ்வளவு, உலை எப்போது, கிடாரத்தை இரண்டு பேர் எப்படி இறக்குவது, கீரையை ஏன் கடைசியில் போடுவது. நானா திருப்தியாக மீசையைத் தடவினார். பிறகு அகப்பையை நீட்டினார்.

"உப்புப் பாரு, மகள்."

"மாட்டேன், நானா."

"என்னா?"

"புள்ளைங்க திங்கறதுக்கு முன்னாடி நான் வாய் வைக்கமாட்டேன். எச்சி."

"அகப்பையில வாய வைக்கச் சொன்னனா? உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாரு. உப்புப் பார்க்காம எண்பது பேருக்கு ஆக்கேலா!"

"கையில ஊத்துனாலும் வாய்க்குத்தானே போகுது?"

செவ்வாயும் இப்படியே போனது. அவர் கத்தினார். அவள் கத்தவில்லை, அசையவும் இல்லை. உப்பை நான் பார்க்கிறேன் என்று குறுக்கே விழுந்தேன்.

"நாளைக்கழிச்சு நீங்க இருப்பீங்களா, டீச்சரம்மா?"

இருக்கமாட்டேன்.

அன்று பாத்திரம் கழுவும்போது கேட்டேன், எச்சில் மட்டுந்தானா என்று. அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். மடுவத்து வாசலில் லயத்துப் பெண்கள் எப்போதும் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் தலையை ஆட்டினாள்.

"என் வாய் ஒரு தடவை அசைஞ்சா போதும். புள்ளைங்க சோத்தை நொண்டி திங்கிறான்னு சாயங்காலத்துக்குள்ள அஞ்சு லயத்துக்கும் போயிரும். அப்புறம் எவ புள்ளைய அனுப்புவா?"

அதை நான் நானாவிடம் சொன்னேன். "பேச்சுக்குப் பயந்தவ எப்பிடி அடுப்புக்கு வார?" என்றார். இரண்டு பேருடைய பிடிவாதத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

புதன்கிழமை துரை வந்தார். நானா வேண்டுமென்றே எட்டி நின்றார். "தனிய ஆக்கட்டும். தெரியட்டும்." பாக்கியம் கைக்கணக்கில் உப்பைப் போட்டாள். பத்துப் பேருக்குப் பழகிய கை. பருப்பு கரித்தது. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு ஓடினார்கள். இலைகளில் சோறு அப்படியே கிடந்தது. துரை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு நாள் என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

திரும்பும் பஸ்ஸில் நானாவை விட்டு முன் இருக்கையில் போய் இருந்தேன். பேராதனையில் இறங்கும்போதுதான், "நான் சரியா செய்யல்ல, தங்கச்சி" என்றார். "ஓம்" என்றேன். அன்று மாலை கண்டியில் பிறை கண்டார்கள்.

வியாழன். முதல் நோன்பு. பஸ்ஸில் உதடு காய்ந்துபோய் நானா என் பக்கத்தில் இருந்தார். தண்ணீர்ப் போத்தலை அவர் கண்ணில் படாமல் பைக்குள் வைத்தேன். அவர் சிரித்தார்.

பதினொரு மணி. பருப்பு கொதித்தது. நானா பழக்கத்தில் அகப்பையை முக்கினார், வாய் வரைக்கும் கொண்டுபோனார், நிறுத்தினார். பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நானா, நீங்களும் வாய் வைக்கல?"

"நோன்பு, மகள்."

அவள் விறகைத் தள்ளிவிட்டு யோசித்தாள். கலஹாக் கடைத்தெருவில் நோன்புக் கஞ்சி எல்லாருக்கும் ஊற்றுவார்கள். அவளும் குடித்திருக்கிறாள்.

"அப்ப நோன்புக் கஞ்சிக்கு யாரு உப்புப் பாக்குறது?"

நானா தாடியைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். கிடாரத்தைப் பார்த்தார்.

"நோன்பு பிடிக்காத சின்னப் புள்ள ஒண்டக் கூப்பிடுற" என்றார், மெதுவாக.

"இதைத் திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமே!"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். நான்கு நாளில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

"புள்ள குடிச்சா எச்சி இல்லையா?" என்று கேட்டேன்.

"பச்சப் புள்ளைக்கு எச்சி ஏது, டீச்சரம்மா? அவங்க சோறுதானே?" பாக்கியம் எழுந்து, வாசலில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏய் மூக்காயி! வா, உப்புப் பாரு!"

மூக்காயிக்கு ஏழு வயது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தாள். கை நீட்டினாள். பாக்கியம் ஊதி ஆற்றி ஊற்றினாள். எல்லாரும் அந்த முகத்தையே பார்த்தோம்.

"காணாது."

கொஞ்சம் உப்பு. மறுபடி கை.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி. இந்தத் தடவை தம்பிக்கும் ஒரு விரல்.

"சரியாத் தெரியல. இன்னொருக்கா ஊத்துங்க."

"அடியே, இவ உப்புப் பார்க்கல்ல, வயித்த நிரப்புறா!" என்றார் நானா. "போதும். அளவு சரி."

துரை பன்னிரண்டரைக்கு வந்தார். இலைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. உர மூட்டைக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. நானாவைப் பார்த்தாள்.

"நான் தின்னாம எப்பிடிச் சொல்ற?" என்றார் அவர். "மஃரிபுக்குப் பொறகு, நோன்பு தொறந்துட்டுச் சொல்றன்."

அவள் வாழையிலையில் சோறும் பருப்பும் கீரையும் கட்டிக் கொடுத்தாள். நூல் நன்றாக இறுகியிருந்தது.

பேராதனையில் பஸ் மாற இறங்கியபோது பாங்கு கேட்டது. நானா பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்தார், தண்ணீர் குடித்தார், கடை வாங்கில் உட்கார்ந்து பொதியை அவிழ்த்தார். ஆறிப்போன சோறு. நான் எதிரில் நின்றேன். அவர் கேள்வி கேட்கவிடாத வேகத்தில் சாப்பிட்டார். இலையை வழித்தார். மடித்தார்.

"கீரை கொஞ்சம் முந்தி இறக்கணும்" என்றார்.

"நானா!"

"அத அவக்கிட்டச் சொல்ல ஆள் அனுப்பு. ஆக்குற ஆள் அவதான்."

கலஹாவுக்குப் போகும் கடைசி பஸ் புறப்பட நின்றது. கொண்டக்டரிடம் ஓடினேன். மடுவத்துப் பாக்கியத்தைத் தெரியுமா என்றேன். நொண்டிப் பாக்கியமா என்றார். ஓம், சோறாக்கிற பாக்கியம் என்றேன். நாளைக்கும் அடுப்பு மூட்டச் சொல்லுங்கோ.

இனிப் போகிறவர்களுக்கு. குடையும் வேறு ஒரு சோடிச் சப்பாத்தும் கொண்டுபோங்கள். அட்டைக்கு உப்புத் துணி. கூலி, காம்பரா இரண்டையும் துரையிடம் வாய்விட்டுக் கேட்டு முடித்தபின் ஆளைத் தேடுங்கள். பன்விலையில் நான் அதைச் செய்யவில்லை. இந்த மாதம் பதில்களோடு திரும்பவும் போகிறேன், பிறகு ஹேவாஹெட்டவுக்கும். எண்பது பேருக்கு என்றால் முதல் நாளே எண்பது பேருக்கு ஆக்கிப் பழக்குங்கள். பத்துப் பேருக்குப் பழகிய கை உதவாது. ஒருத்தி ஒன்றைச் செய்ய மறுத்தால், இரண்டாம் தடவை கேளுங்கள், தனியாக.

கலஹாவில் இப்போது உப்புப் பார்க்கும் முறை தினம் ஒரு பிள்ளைக்கு. காலையில் முதலில் வருகிற பிள்ளைக்கு. வாத்தியார் வருமுன்னே மடுவத்தில் பிள்ளைகள் நிற்கிறார்களாம், மழையிலும். அவர்களுக்கும் முந்திப் பாக்கியம் வந்துவிடுகிறாள். லயத்தில் அவள் காம்பராவிலிருந்து மடுவத்துக்கு ஏற்றம் இல்லை.