தில்லை அண்ணையின் பனிப் படம்

தில்லை அண்ணை போன செவ்வாய்க்கிழமை காலை மிசிசாகாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வந்த புற்றுநோய். அவருடைய மனைவி மகேஸ் அக்கா தானே என்னை அழைத்துச் சொன்னார். அப்போது நான் என் கடையின் பிறம்ரன் கிடங்கில் அரிசி மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலையை மறைக்காமல் எழுதுகிறேன். அழவில்லை. மூச்சை ஆழமாக இழுத்து, அது அடிவரை போகிறதா என்று பார்த்தேன்.

ஏன் என்று அவரை நன்றாக அறிந்த உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

நீங்கள் அறிந்த தில்லை அண்ணை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சனிக்கிழமைகளில் ரெக்ஸ்டேலில் உள்ள என் கடைக்கு வந்து, "உன்ர மிளகாய்த்தூளிலை கொஞ்சம் மிளகாயும் கிடக்குது போல" என்று வாடிக்கையாளர் காதில் விழச் சொல்பவர். அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் இருக்கும் படத்தையும் அறிவீர்கள். இரண்டு இளைஞர்கள், தலையிலிருந்து சப்பாத்துவரை வெள்ளை, தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். "இவர் இங்கிலாந்திலை கண்ட முதல் பனி" என்று மகேஸ் அக்கா வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். இடப்பக்கம் நிற்பது தில்லை அண்ணை. வலப்பக்கம் நான்.

அது பனி அல்ல. அந்தப் படம் எடுத்தது ஜூலை மாதம்.

எழுபதுகளின் நடுவில் பேர்மிங்காமின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலைப் புறநகரில் நாங்கள் ஓர் அறையில் இருந்தோம். செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெரு. தெருமுனையில் ஆலை. கொதிகலன் குழாய்களுக்குச் சுற்றும் அஸ்பெஸ்டஸ் உறை அங்கே செய்தார்கள். எங்கள் இருவருக்கும் அங்கேதான் வேலை. "ஊரிலை உந்த அஸ்பெஸ்டஸைக் கூரையிலை போடக் காசில்லாமல் இருந்தம். இஞ்சை சும்மா தலையிலை கொட்டுறாங்கள்" என்பார் அண்ணை. அடைவு வைத்து மீட்காமல் கிடந்த ஒரு பழைய கமெராவை வாங்கி, கண்டதையெல்லாம் எடுத்தார். ஆலை வாசல், கறுத்த வாய்க்கால், ஜன்னல் விளிம்பில் படிந்த வெள்ளைத் தூசியில் விரலால் படம் கீறும் பிள்ளைகள். இந்தப் படத்துக்குக் கமெராவை மதிலில் வைத்து, தானாக எடுக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து என் தோளில் கைபோட்டார். எங்களுக்குப் பின்னால் இருந்த ரோசாச் செடியும் வெள்ளைதான்.

படத்தின் ஒரு கொப்பி ஊருக்குப் போனது. "பனிக்குள்ளை ஸ்வெட்டர் போடாமல் நிக்காதை" என்று அவருடைய அம்மா எழுதினார். நாங்கள் திருத்தவில்லை. ஆலைத் தூசு என்பதைவிடப் பனி மதிப்பாக இருந்தது.

எங்கள் வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்கார விதவை. வேலை உடுப்பைப் பின் வளவில் கழற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவர் சட்டம். தை மாதக் குளிரிலும் அதுதான். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "கண்டியே, ஊரிலை நாங்கள் சாதி பார்த்து ஆக்களை முற்றத்தோடை நிப்பாட்டினம். இஞ்சை உவள் எங்களை நிப்பாட்டுறாள்" என்றார். ஒருநாள் உடுப்போடேயே மாடிக்கு ஏறினார். பின்னால் நானும் ஏறினேன். அந்த மனுசி வந்து கதவைத் தட்டி, தன் புருசனும் இதே ஆலை, இப்படித்தான் வீட்டுக்கு வந்தார் என்று ஏதோ சொன்னார். எங்களுக்கு அது எங்களை வெளியே நிறுத்த ஒரு சாட்டாகவே பட்டது. அன்று முதல் உடுப்பைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் கொழுவினோம். அதற்குக் கீழேதான் படுத்தோம்.

பிறகு கனடா, கலியாணம், கடை. தூசு என்ற சொல்லையே மறந்துபோனோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கடையில் மிளகாய்த்தூள் பை ஒன்று கிழிந்தது. எல்லோரும் இருமினோம். தூள் அடங்கியது, எங்கள் இருமலும் அடங்கியது. அவருடையது அடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நக்கல் இல்லாத அவர் முகத்தை அன்றுதான் முதலில் கண்டேன்.

அந்த இருமலுக்குப் பார்த்த டொக்டர் அவருடைய பழைய வேலைகளைப் பற்றிக் கேட்டிருந்தார். அடுத்த முறை அண்ணை சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அவரையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனது நான், ஆனால் மேலே ஏறவில்லை, காரிலேயே இருந்தேன். உள்ளே நடந்ததை அக்காதான் சொன்னார். டொக்டர் படத்தைக் கனநேரம் பார்த்தாராம். எந்த மாதம் என்று கேட்க, "ஜூலை" என்றாராம் அண்ணை. அக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது. "இவ்வளவு வருசமா உந்தத் தூசுப் படத்தைத்தானே தம்பி நான் துடைச்சுத் துடைச்சு வைச்சனான்" என்றார்.

படத்தில் உள்ள மற்ற ஆள் எங்கே என்றும் டொக்டர் கேட்டிருக்கிறார். "கீழை காருக்குள்ளை இருக்கிறான். பார்க்கிங் காசுக்குப் பயந்தவன், மேலை வரமாட்டான்" என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.

நான் எதற்குப் பயந்தவன் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "தம்பி, அந்த வீட்டுக்கார மனுசி பயந்தது எங்களுக்கு இல்லையடா. எங்கட உடுப்புக்கு."

அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் "டொக்டரிட்டைப் போனியே?" என்பதுதான் அவருடைய வணக்கம். கொண்டெய்னர் வருகிறது என்பேன், தீபாவளிச் சரக்கு என்பேன். "நாளைக்குப் போறன் அண்ணை."

"கடைக்குக் கடன் கேட்டு வாறவனுக்குச் சொல்லுற கதையை எனக்குச் சொல்லாதை."

மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நான் சரக்கு எடுத்ததில்லை. என் நெஞ்சை மட்டும் ஒருவரையும் பார்க்க விடவில்லை. கிடங்கு மாடிப்படியில் ஆட்கள் நிற்கும்போது ஏறுவதில்லை, மூச்சு இளைத்தால் கண்டுவிடுவார்கள். இருமல் வந்தால் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமுகிறேன். சாதாரண சளித் தடிமலாகவும் இருக்கலாம். தெரியாது. தெரியாத வரைக்கும் ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அண்ணையைப் பெட்டியில் பார்த்தபோது அந்தக் கணக்கு பிழையாகிப் போனது.

செத்தவீடு முடிந்து ஆட்கள் போன பின் அக்காவிடம் அந்தப் படத்தைக் கேட்டேன். அவருடைய பொருளில் எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

"தரலாம். ஆனால் அதுக்கொரு விலை இருக்கு" என்றார் அக்கா.

"சொல்லுங்கோ."

"நெஞ்சை ஸ்கான் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"தை பிறக்கட்டும் அக்கா, கடையும் கொஞ்சம் ஓயும்."

"அவர் உங்களிட்டைத் தோத்தவர். நான் தோக்கமாட்டன்."

கொப்பி ஒன்று அடித்துக்கொண்டு படத்தைத் திருப்பித் தருகிறேன் என்று பார்த்தேன். பாதி விலைக்கு, இரத்தச் சோதனை மட்டும் செய்கிறேன் என்றும் பார்த்தேன். அக்கா தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். முப்பது வருட வியாபாரத்தில் இப்படியொரு ஆளிடம் நான் பேரம் பேசியதில்லை.

முடிவில் படிந்தது இதுதான். படம் எனக்கு. வருகிற திங்கட்கிழமை காலை அக்கா என் காரில் ஏறி, ஸ்கான் அறை வாசல்வரை வருவார். இந்த முறை நான் காருக்குள் இருக்க முடியாது. ஸ்கான் முடிவு எதுவானாலும் அந்தக் கடிதத்தை அவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு அவர் கையாலேயே படத்தைக் கழற்றித் தருவார். என் வீட்டுச் சுவரில், வருபவர்கள் பார்க்கிற இடத்தில், நான் அதை மாட்ட வேண்டும். பனி என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது.