கிணற்றுக்குள் மலைப் பெரணி

தக்கலைக்கு வரும் வழியில் பஸ்ஸின் இன்ஜின் கொதித்து நின்றுவிடுகிறது. டிரைவர் தண்ணீருக்காகச் சாலையோரக் கிணற்றுக்குப் போகிறார். தாவரவியல் வாத்தியாரான நானும் பின்னால் போய், கைப்பிடிச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்க்கிறேன்.

உள்ளே, காரை பெயர்ந்த கல்லிடுக்குகளில் பெரணி தழைத்திருக்கிறது. மயிர் போலக் கறுத்த காம்பு, சின்னச் சின்ன விசிறி இலைகள். நேற்று பேச்சிப்பாறைக்கு மேலே ஓடைப் பாறைகளில் பார்த்த அதே இனம். இதற்கு நிழலும் ஈரமும் இருந்தால் போதும். விதை கிடையாது. இலைக்கடியில் இருக்கும் தூள் காற்றில் பறந்து, விழுந்த இடத்தில் முளைக்கும்.

"இது யாராவது கொண்டுவந்து வச்சதா?" என்று அங்கே தண்ணீர் இறைக்கும் ஓர் அம்மாவிடம் கேட்கிறேன்.

"ஆரு வைக்க? அது தானா வந்து ஒட்டினது." டிரைவரின் வாளியை நிரப்பி அனுப்பிவிட்டு என்னைப் பார்க்கிறார். "நீங்க என்ன ஆளுவ?"

சாதியைச் சொல்கிறேன்.

"அப்பம் கொஞ்சம் தள்ளி நில்லு."

குரலில் கோபம் இல்லை. தள்ளி நிற்கிறேன். நான் கை வைத்திருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறார். கழுவிய தண்ணீர் உட்சுவரில் வழிந்து, பெரணியை நனைத்து, கிணற்றிலேயே சொட்டுவது எனக்கு இங்கே கேட்கிறது.