தோவாளைப் பலகை

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு ரயில் பாதை இருந்தது. நாகர்கோவிலுக்கு ரயில் வராத காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரப்போகிறது என்று என் பிள்ளைப் பருவம் முதல் கேட்டுக்கொண்டே இருந்தோம். ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிழக்கே திருநெல்வேலிக்கோ மேற்கே திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிப் போக வேண்டும். வராத அந்தப் பாதையைத்தான் என் அக்காவின் கணவர் மரப்பலகையில் போட்டார்.

கொல்லம் 1106 பங்குனியில் வேலையைத் தொடங்கி 1107 ஐப்பசியில் நிறுத்தினார். ஆவணியில் ஆண்டு மாறுவதால் இரண்டு எண்கள் வருகின்றனவே தவிர, எல்லாம் 1931க்குள் நடந்ததுதான். மாதங்களை நான் மறக்காததற்குக் காரணம், அவை என் அக்காவின் பேறுகால மாதங்கள்.

அத்தான் செங்கோட்டைக்கு மேற்கே, மலைக்குள் இருக்கும் ஒரு சிறிய ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. அங்கே மலைக்காய்ச்சல் ஓயாது. அக்காவுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது ஆஸ்பத்திரியிலேயே இறந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய மேட்டில் இரண்டையும் அடக்கம் செய்தார்கள். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும் அத்தான் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளை எங்கள் அம்மாவிடம் அழைத்து வந்தார். இந்தப் பிள்ளையும் போனால் அக்கா பிழைக்க மாட்டாள் என்று அம்மா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சும்மா இருக்கத் தெரியாதவர் அத்தான். வந்த வாரமே நெல் பத்தாயம் கிடந்த பின்னறையை ஒழித்து எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கிய தகர இன்ஜினும் மூன்று பெட்டிகளும் அவரிடம் இருந்தன. சாவி கொடுத்தால் ஓடும். அதோடு வந்த தண்டவாளம் ஒரு சிறு வட்டத்துக்குத்தான் போதும். மீதியை அவரே செய்தார். தேயிலைப் பெட்டிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டையை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயப்பற்று வைத்தார். குறுக்குக் கட்டைகளுக்குப் பனஞ்சிராயை ஒரே அளவாகச் சீவினார். மயிலாடிச் சிற்பிகள் கொத்திப் போட்ட கல்பொடியை ஒரு சாக்கில் வாங்கி வந்து, மூன்று சல்லடையில் சலித்து, பாதைக்கு ஜல்லியாகக் கொட்டினார். நிஜத்தில் ஓர் அடி என்றால் பலகையில் கால் அங்குலம். அந்தக் கணக்கில் முழுப் பாதையும் போட்டால் தெருக்கோடியைத் தாண்டிப் போகும் என்பதால் மூன்று இடங்களை மட்டும் வைத்துக்கொண்டார்: கணவாய், தோவாளை, நாகர்கோவில். இடத்துக்கு ஒரு பலகை. மூன்றையும் திருகாணி போட்டு இணைத்திருந்தார், வேண்டும்போது கழற்றலாம்.

பழைய காகிதத்தை வெந்தயத்தோடு அரைத்த கூழில் மலைகள் எழும்பின. தென்னை ஈர்க்கின் நுனியைக் கீறி விரித்தால் பனைமரம். கண்ணாடித் துண்டின் அடியில் கரும்பச்சை பூசினால் குளம். தோவாளைப் பூந்தோட்டத்துக்கு ரவையில் சாயம் ஏற்றினார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டே, சம்பங்கிக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை வேண்டும் என்பாள். அந்தச் சித்திரையில் அவள் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மண்ணின் நிறம் மட்டும் அத்தானுக்குச் சரிப்படவில்லை. சாயம் போட்டால் சாயமாகத்தான் தெரிகிறது என்றார். அந்தந்த இடத்து மண்ணையே எடுத்து வந்து, சலித்து, பசையில் குழைத்துப் பூசுவது என்று முடிவு செய்தார். வைகாசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் சைக்கிளில் புறப்பட்டோம். கணவாயில் செம்மண், வயல் வரப்பில் கரிசல், ஓடைக்கரையில் மணல் என்று எடுத்து, ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார்.

தோவாளைக்கு இப்புறம், மலையடிவாரத்தில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இசக்கியம்மன் இருந்தாள். கூரை கிடையாது. ஆலமரத்தடியில் ஒரு கல். அதன் அருகே மண்ணால் செய்த ஒரு பெண் உருவம், இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. பிள்ளை வேண்டிய பெண்கள் கட்டிய மரத்தொட்டில்கள் கிளைகளில் ஆடிக்கொண்டிருந்தன. அத்தான் வரைந்திருந்த பாதை ஏறக்குறைய அந்த மரத்தை உரசிக்கொண்டு போனது. அவர் குனிந்து கல்லடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்தார்.

பூக்கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள்.

"பிடிமண்ணா எடுக்கிய?"

"ஆமா," என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே.

"எங்க கொண்டு வைக்கதுக்காக்கும்?"

"எங்க வீட்டுலதான். வேற எங்க?"

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி, ஒரு கை அரளியை அள்ளிக் கல்லின் முன்னால் போட்டுவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நாங்கள் வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களாகி, மூன்று தலைமுறை ஆகியிருந்தது. சுற்றுப்புறத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. ஒரு தெய்வம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து எங்கே வைக்கிறார்களோ, அங்கே அந்தத் தெய்வமும் வந்து குடியேறும். வந்தவளுக்கு ஆண்டுதோறும் பலியும் படையலுமாகக் கொடைவிழா கழிக்க வேண்டும். விட்டுவிட்டால் தனக்கு வேண்டியதை அவளே எடுத்துக்கொள்வாள். பிடிமண் என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருள் இருப்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குள் தோவாளைப் பலகை முடிந்திருந்தது. பார்த்ததை விடாமல் செய்கிறவர் ஆகையால் ஆலமரம், கல், தொட்டில்கள் எல்லாம் செய்தார். தேன்மெழுகில், பூதக்கண்ணாடி வைத்து, அந்தப் பெண் உருவத்தையும் செய்தார். வாயில் இருந்த பிள்ளை கடுகளவுதான். அக்கா அதை வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை அறையின் அடுத்த பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

இன்ஜின் அந்த மரத்தடியில்தான் தடம் புரண்டது. கணவாயிலிருந்து நன்றாக இறங்கி வரும். மரத்தை நெருங்கியதும் முன்சக்கரம் ஏறி, வண்டி ஒருபக்கமாகச் சாயும். வளைவு இறுக்கம் என்று அத்தான் அந்த இடத்தைப் பெயர்த்து மறுபடி போட்டார். வெளித் தண்டவாளத்தை நூலளவு உயர்த்தினார். சக்கரத்தை அரத்தால் ராவினார். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அங்கேயே விழும். கடைசியில் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். அந்த மண் மற்ற மண்ணைவிட ஈரத்தை அதிகமாக வாங்கி உப்புகிறது, கட்டைகளைத் தூக்கிவிடுகிறது என்றார். சரியான விளக்கம்தான். ஆனால் அந்த ஆண்டு ஆனியில் சாரல்கூட இல்லை, வெயில்தான் காய்ந்தது.

ஆடியில் மருத்துவச்சி அக்காவைப் பார்க்க வரத் தொடங்கினாள். அடுத்த தெருக்காரி, எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். வாய் ஓயாது. பின்னறை வாசலில் நின்று ரயிலைப் பார்த்ததும் அத்தானைச் சீண்டினாள்.

"இதுல ஆரு ஏறிப் போவா, ரெயில் சாரே? எறும்பா?"

டிக்கெட் எடுத்தால் நீங்களும் ஏறலாம் என்று அத்தான் சாவி கொடுத்து விட்டார். வண்டி இறங்கி வந்து மரத்தடியில் விழுந்தது. எடுத்து வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். இது யார் என்று கேட்டாள். தோவாளைச் சாலையில் இருக்கிறவள்தான் என்றார் அவர். மண் எங்கே எடுத்தது என்று கேட்டாள். பூக்காரி கேட்டதையும் தாம் சொன்னதையும் அவர் ஒரு வேடிக்கையாகவே சொன்னார்.

"ஆமான்னா சொன்னிய?"

"சும்மா ஒரு வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்குச் சொன்னது நீங்க. அவ வந்துட்டாள்லா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். மறுவாரம் வரவில்லை. அம்மா போய்க் கேட்டதற்கு, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அவளையும் குடிவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறீர்களே என்று கேட்டாளாம். வேறு மருத்துவச்சி அருகில் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி வில்வண்டியில் அரைநாள் தூரம். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தாலே அக்கா எழுந்து போய்விடுவாள்.

அந்த உருவத்தைப் பிய்த்துக் குப்பையில் போடு என்று அம்மா என்னிடம் சொன்னாள். கொஞ்சம் கழித்து, போடாதே என்றும் அவளே சொன்னாள். போதகர் வந்து பின்னறையில் ஜெபம் செய்தார். மண் மண்தான் என்று தைரியம் சொல்லிவிட்டு, ஆசைக்கு ஒரு முறை வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் அங்கேதான் விழுந்தது.

புரட்டாசியில் ஒரு காலை அத்தான் என்னைக் கூப்பிட்டார். பலகையில் உள்ள ஒவ்வொரு பொருளும் அவர் கையால் வைத்தது. ஒரு செடி சாய்ந்தாலும் அவருக்குத் தெரியும். ஆலமரத்தில் அவர் கட்டாத ஒரு தொட்டில் தொங்கியது. ஈர்க்கில் முடைந்தது, என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்லின் முன்னால் ஒரு துளி எண்ணெய்க் கறையும், கிள்ளிய அரளி இதழின் ஒரு துணுக்கும் இருந்தன. கோயில் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற படையல். அத்தான் பூதக்கண்ணாடியைத் தொட்டிலின் மேல் பிடித்தார். அதைக் கட்டியிருந்த நூல், பிள்ளைச் சட்டை தைக்க வாங்கிய இளநீல நூல்.

ஞாயிறுதோறும் வேதக்கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள் என் அக்கா. அத்தான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டிலையும் அவிழ்க்கவில்லை. அதன்பின் இன்ஜினை அந்த மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கையால் நிறுத்திவிடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்த கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு நோவு கண்டது. அம்மா குடையில்லாமல் மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்து, அத்தானின் முகத்தைப் பார்க்காமல், மருத்துவச்சி சொன்னதைச் சொன்னாள்: "அது வாசல் தாண்டட்டும், நான் வாறேன்னு சொல்லுகா. எடுத்த எடத்துலயே கொண்டு விடணுமாம்."

ஒரு பிடி மண்ணைத் தனியே எடுக்க வழியில்லை. பசையிலும் காகிதக் கூழிலும் குழைந்து அது பலகை முழுவதும் பரவியிருந்தது. அத்தான் முழங்காலிட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். ஈரத்தில் இறுகிப்போயிருந்த கடைசித் திருகாணியை அக்காவின் குரல் கேட்கக் கேட்க உடைத்தே எடுத்தார். பூந்தோட்டமும் குளமும் மரமும் தண்டவாளமுமாகப் பலகையை அப்படியே தூக்கி மாட்டுவண்டியில் வைத்து, மேலே ஓலைப்பாயைப் போர்த்தினோம். வண்டி தெருவில் திரும்பும்போது மருத்துவச்சி எதிரே வந்தாள். எங்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்று, வண்டி கடந்தபின் எங்கள் வீட்டுக்குள் போனாள்.

சாலையெங்கும் வெள்ளம். வெள்ளமடத்தில் சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. நானும் அத்தானும் வண்டிக்காரரும் தோள் கொடுத்தும் அசையவில்லை. அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் உச்சிமணி அடித்து, பிள்ளைகள் சோற்றுக்கு ஓடினார்கள். பெரியவர்களாக நான்கு பேர் வந்து தள்ளினார்கள். அதன்பின்னும் வெகுநேரம் கழித்துத்தான் ஆலமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்லின் அருகே பலகையை இறக்கி வைத்தோம். பெரிய மரத்தின் கீழே சின்ன மரம், பெரிய தொட்டில்களின் கீழே அந்த இளநீல நூல் தொட்டில். அத்தான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

நாங்கள் திரும்பியபோது வாசலில் அம்மா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பெண் பிள்ளை, நல்ல சுகம், தாயும் சுகம். எப்போது பிறந்தது என்று, எல்லோரும் கேட்பதுபோல நானும் கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் உச்சிமணி அடிக்க, அழுகைச் சத்தமும் சேர்ந்து கேட்டது என்றாள் அம்மா.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். உச்சிமணிக்கு நாங்கள் வெள்ளமடத்துச் சேற்றில் நின்றோம். ஓலைப்பாய்க்கு அடியில் மண் எங்கள் வசம்தான் இருந்தது.

மருத்துவச்சி கைகழுவிவிட்டு வந்தாள். அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மண்ணு போய்ச் சேந்த பொறவுதான பிள்ளை பிறந்தது?"

"ஆமா," என்றார் அத்தான்.

"அப்போ ஒண்ணும் இல்ல. இது உங்க பிள்ளைதான். மண்ணு கைல இருக்கும்போ பிறந்திருந்தா, அது அவ குடுத்ததுல்லா. குடுத்தவள வண்டி ஏத்திக் கொண்டு வெளியே விட்ட மாதிரி ஆயிருக்கும்."

வெற்றிலை வாங்கிக்கொண்டு அவள் போனபின், இரண்டு மணிகளையும் பற்றி அக்காவிடம் வாய் திறக்க வேண்டாம் என்றார் அத்தான். நான் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு சமவெளியில் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒவ்வோர் ஐப்பசியிலும் விடுப்பில் வருவார். வந்த மறுநாள் தோவாளைப் பக்கம் சைக்கிளில் போவார். தண்டவாளம் துருப்பிடிக்கும், எண்ணெய் போட வேண்டும் என்பார். அவர் கொண்டுபோனது நல்லெண்ணெய். ஒரு முறை கூடப் போனேன். காகித மலை கரைந்து போயிருந்தது. தண்டவாளத்தின் மேல் யாரோ விளக்கேற்றி வந்ததில் கரி படிந்திருந்தது. மெழுகு உருவத்தைக் காணவில்லை.

பிள்ளை வளர்ந்து, நானும் வருகிறேன் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கிறவர் அதற்கு மட்டும் இணங்கியதில்லை. 1938இல் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். வெள்ளமடம் தாண்டியதும் அத்தான் அவளைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தைத் தன் சட்டைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெயில் அடிக்கிறது என்றார். அது மழைநாள். தோவாளைப் பூச்சந்தையின் வாசனை ஓய்ந்து, கணவாய்க் காற்று வீசும்வரை அவர் கையை எடுக்கவில்லை.