கல்லுக்கு முன் ஒரு விண்மீன்

அறியாததை அறிந்ததாகக் காட்டாத வாய்மை பெரிது. அகராதி அலுவலகத்தில் சொல்லாய்வு செய்த அம்மையாரிடம் அது குடிகொண்டிருந்தது. ரஷ்ய மொழி முதலான ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான தொல்மொழியை எவரும் எழுதி வைக்கவில்லை. அம்மையார் சேய்மொழிகளை ஒப்பிட்டு, கல்லுக்கு அங்கே 'காமி' என்னும் சொல் இருந்திருக்கும் என உய்த்துணர்ந்தார். அதன் வேற்றுமை வடிவங்களையும் பல்லாண்டு உழைத்து மீட்டார். எழுத்தில் கண்டதன்று, ஊகித்ததே என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு வடிவத்தின் முன்னும் சிறு விண்மீன் குறி (*) இடுவது அத்துறையின் மரபு.

அவ்வாய்வு அச்சாகி வந்த தாள்களில் ஒரு விண்மீனும் இல்லை.

"கீழ அடிக்குறிப்பு எதுவும் காணோம். அதான் நட்சத்திரத்தையெல்லாம் தூக்கிட்டேன், அக்கா," என்றார் அச்சுக்கோப்பவர். "அது இல்லாட்டி கல்லு கரைஞ்சா போயிடும்?"

"கல்லு கரையாது தம்பி. நான் கட்டின சொல்லை, யாரோ பேசினதாவே படிக்கிறவங்க நம்பிடுவாங்களே!"

மறுபடி அச்சிட அலுவலகத்துக்கு வசதியில்லை. அம்மையார் அச்சான படிகளின் தாள்கட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து பேனாவை எடுத்தார்.

"ஒருவழியா உன் ஆராய்ச்சியில எனக்கும் வேலை கெடச்சுது!" என்று கேலி பேசியபடியே கணவர் எதிரே அமர்ந்தார். மகளும் ஒரு கட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையை நிறைத்துத் தாள்களைப் பரப்பி, மை உலர உலர மூவரும் விண்மீன் இட்டனர். ஒரு படியும் விடுபடவில்லை.

பொய் புகாத அவ்வில்லத்தில் அன்பு குன்றாதிருக்க. அங்கே எழும் சொல்லெல்லாம் நலமே பயக்க. அக்குடி நீடு வாழ்க.