மாமனுக்கு ஆகாத நட்சத்திரம்

லேபர் வார்டு நர்ஸாக நான் பார்த்த அறிவாளிகளில், பாடாலூர் ஹைவேயில் டயர் கடை வைத்திருந்தவருக்குத்தான் முதல் மார்க். நிறைமாதத் தங்கையைத் தலைப்பிரசவத்துக்குக் காரில் அழைத்து வந்திருந்தார். அப்பா இல்லாத வீடு. அவர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“எப்பம்மா தண்ணி ஒடைஞ்சிச்சு?” என்று அவளைக் கேட்டேன்.

“இப்பத்தாங்க சிஸ்டர், கார்ல ஏறுறப்ப. வலியெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கா” என்றார் அண்ணன்.

பனிக்குடம் உடைந்தது என்னவோ இவருக்குத்தான் போல! செல்வியின் உடம்பு கொதித்தது. கசிந்த நீரில் கெட்ட வாடை. குழந்தையின் இதயம் தாறுமாறாக ஓடியது. காரில் ஏறும்போது உடைந்த தண்ணீர் பெரம்பலூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நாறாது. அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

“இப்ப நீ சொல்லும்மா.”

அழுதுவிட்டாள். “நேத்து காலையிலயே ஒடைஞ்சிடுச்சு சிஸ்டர். ரோகிணியில பொறந்தா தாய்மாமனுக்கு ஆவாதாம். ஆஸ்பத்திரிக்குப் போனா ட்ரிப் போட்டு ஒடனே பொறக்க வச்சிடுவாங்க, நட்சத்திரம் மாறட்டும்னு அண்ணன் வூட்டுலயே உக்கார வச்சிடுச்சு. வலிதான் இல்லியே, என்ன அவசரம்னுச்சு.”

தண்ணீர் உடைந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அவசரம்தான். கிருமி பஞ்சாங்கம் பார்த்து உள்ளே போவதில்லை. இதை வெளியே போய் அவரிடம் சொன்னேன். பஞ்சாங்கம் காட்டிய செல்போனை நீட்டினார்.

“காலையிலயே மிருகசீரிடம் வந்துடுச்சு சிஸ்டர். இனிமே தாராளமா பொறக்கலாம்.”

பெருமான் அனுமதி கொடுத்துவிட்டார்! அந்த போனைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு.

டாக்டர் ஆன்டிபயாடிக்கும் வலி வர ட்ரிப்பும் போட்டார். பையன் மிருகசீரிடத்திலேயே பிறந்தான், அழக்கூடத் தெம்பில்லாமல். பச்சிளம் குழந்தைகள் வார்டில் மூச்சுத் திணறிக் கிடந்தான். செல்விக்குக் காய்ச்சல் விடவே நாளானது. மாமனுக்கு மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் எப்போது உடைந்தது என்று கேட்கும் முன், கூட வந்த வாயை வெளியே அனுப்பிவிடுங்கள். உடைந்தவளைக் கேளுங்கள்.

தாயும் பிள்ளையும் எப்படியோ பிழைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று வார்டுக்கே ஸ்வீட் கொடுத்தார் அண்ணன்.

“மருமவனுக்கு என் மடியிலதான் காது குத்து. ஊரே அசந்துபோவணும்!”

கையை நீட்டினார். செல்வி குழந்தையைக் கொடுக்கவில்லை.

“வேணாம்ணே” என்றாள். “நான் வேற மடி பாத்துக்குறேன்.”