கோளாறு இல்லாத ரூட்டர்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, தலையில் சாரல். பஸ் வந்தது. ஏறவில்லை. தன் மேலேயே கோபமாக இருப்பவன் பஸ்ஸில் உட்கார முடியாது... அதற்கு நடைதான் லாயக்கு.

'இப்போது எங்கே வேலை?' என்று விசாரிக்கிறவர்களுக்கு — அன்று மத்தியானம் வரை ஒரு லாட்ஜில். எட்டு ரூம். நடத்துவது செல்வி அக்கா. வைஃபையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம் கிடையாது. சீசன் முடியும்வரை மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு.

எப்படிக் கிடைத்தது? தங்க வந்த எவனோ பழைய ரூட்டருக்குள் புகுந்து, வைஃபையின் பெயரைச் 'சாம்பார் தண்ணி' என்று மாற்றிவிட்டுப் போய்விட்டான். அக்கா வைத்திருந்த பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. புகாமல் என்ன செய்வான்?

"ஏலே, எதுத்த லாட்ஜுக்காரன் போனைக் காட்டிக் காட்டிச் சிரிக்கான். இனி ஒருத்தனும் உள்ள வரக் கூடாது. முடியுமா ஒன்னால?"

"முடியும்க்கா."

நான் ஒன்பதாவதோடு நின்றவன். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு வருஷம் படுத்திருந்தேன், படித்தது அங்கேதான். சோப்பு டப்பா அளவில் ஏ.ஆர்.எம். போர்டு என்று ஒன்று உண்டு. செல்போனில் இருப்பது போன்ற சின்ன சிப். அதில் பி.எஸ்.டி. என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டால் ரூட்டராக ஓடும். எந்தக் கதவைத் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு கதவைத் திறக்காது. மேனுவல் இங்கிலீஷ்தான். ஆனால் சுற்றி வளைக்காது. விரல் வைத்துப் படித்தால் எனக்கே புரியும்.

அக்கா காசில் வாங்கிய போர்டில் ஸ்கிரீன் மாட்ட இடமில்லை. மூன்று வயரை லேப்டாப்போடு இணைத்து அதன் வழியாகத்தான் பேச வேண்டும். இணைத்தேன். லேப்டாப்பில் ஒரே இருட்டு. ஒரு பகல் முழுக்க இருட்டு. அப்புறம்தான் தெரிந்தது — அது பேசுகிற வயரை நான் பேசுகிற வயரோடு மாட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் பேசுகிறோம், கேட்கத்தான் ஆளில்லை. கல்யாணம் ஆனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயரை மாற்றியதும் எழுத்து ஓடியது. பி.எஸ்.டி. உள்ளே ஏறுவதற்கு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. என்டரைத் தட்டிக்கொண்டே போனேன். அக்கா பின்னால் நின்று பார்த்தார்.

"எல்லாத்துக்கும் சரி சரின்னு தட்டுதியே, என்ன கேக்குன்னு படிக்க மாட்டியா?"

"பதிலையும் அதுவே போட்டுட்டுத்தான் கேக்கும்க்கா."

"பரிச்சையும் இப்படித்தான் எழுதியிருப்ப."

தப்பில்லை.

போர்டிலேயே இருந்த வைஃபை பி.எஸ்.டி.க்குப் பிடிபடவில்லை. யூ.எஸ்.பி.யில் ஒரு வைஃபை குச்சியைச் செருகி, ஸ்டோர் ரூம் பரணில் வைத்தேன். பதினோரு நாள் ஒரு தும்மல் கிடையாது. நான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை வைஃபையைக் காணோம். இரண்டாம் நம்பர் ரூம்காரர் எண்ணெய் மசாஜைப் பாதியில் விட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றார். "தம்பி, மீட்டிங் போயிட்டிருக்கு." குளிக்க வந்த ஊரில் மீட்டிங்! இன்னும் இரண்டு பேர் ரூமைக் காலி செய்வதாகச் சொன்னார்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்மேஜையிலிருந்து போர்டுக்கு ஒரு கேபிள் இழுத்திருந்தேன். அதன் வழியே நுழைந்து பார்த்தால் எல்லாம் சரி. மூன்று முறை ரீபூட் செய்தேன். எழுதிய வரியையெல்லாம் மறுபடி படித்தேன். கடைசியாகத்தான் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியது. கம்ப்யூட்டர்காரனுக்கு எழுந்து போவது எப்போதும் கடைசி வழி.

பரணில் ஒரு பெரிய எவர்சில்வர் சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடியிலிருந்து வயர் எட்டிப் பார்த்தது. ஓட்டு வழியாகச் சாரல் இறங்குகிறது, பாவம் நனையுமே என்று அக்கா கவிழ்த்து வைத்திருக்கிறார். எவர்சில்வரைத் தாண்டி வைஃபை வருமா? சட்டியைத் தூக்கினேன். எட்டு ரூம் போனும் ஒன்றாகக் கூவின.

"என்னலே செஞ்ச?"

இங்கேதான் சறுக்கினேன். கர்னல், ஃபயர்வால் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"சட்டிய எடுத்தேன்க்கா."

"அவ்வளவுதானா? இத்தன நாளும் நீ என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல. அது பாட்டுக்கு ஓடுது."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சட்டிய நானே எடுத்துருவேன்லா. புதுசா சமையலுக்கு ஒரு ஆள் வருதான், கட்டிலு வேணும். சாப்ட்டுட்டுக் கெளம்பு, என்ன?"

சாப்பாட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடிக்கடி கெடுகிற பொருளை நம்பித்தான் ரிப்பேர்காரன் இருக்கிறான். ஒரேயடியாகச் சரிசெய்கிறவனுக்கு யார் கட்டில் போடுவார்கள்?

தென்காசி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கொசு இருந்தது, தூக்கமும் இருந்தது. மறுநாள் காலை பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை கேட்டேன்.

"நெட்டு மணிக்கொருக்கா நிக்கி தம்பி," என்றார் முதலாளி அண்ணாச்சி. "இருந்து பாத்துக்கிட்டா கட்டிலு, சாப்பாடு தாரேன். என்ன கோளாறா இருக்கும்?"

ரூட்டரைக் கையில் எடுத்தேன். பின்பக்கம் பிளக் லூஸ்.

"பெரிய கோளாறு அண்ணாச்சி. கூடவே இருந்து பாத்தாத்தான் தெரியும்."